விட்டுப்போன பெயர்

என்னிடம் ஒரு லாப்டாப் இருக்கிறது. 2016-ம் வருஷம் தவணையில் வாங்கியது. மூடியில் ஒரு மூலை உடைந்து போயிற்று. அடிக்கடி விரல் படும் விசைகளில் எழுத்துக்கள் அழிந்து, வழுக்கைத் தலை போல் மின்னுகின்றன. இரண்டு நாவல்களையும், கணக்கில் அடங்காத சிறுகதைகளையும், சன்மானம் இன்னும் வந்து சேரவில்லை என்று பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களையும் அதில்தான் அடித்திருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் எனக்கும் சில மூலைகள் உடைந்திருப்பதால் எங்களுக்குள் ஒரு சமரசம் உண்டு. அது மெதுவாக விழித்துக் கொள்ளும். அதற்குள் நான் காப்பி போட்டுக் குடித்துவிடுவேன்.

அந்த லாப்டாப்புக்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு ஆயுள் முடிகிறது என்று ஓலை வந்தது. ஓலை கொண்டு வந்தவன் எருமை மீது வரவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரமாக வந்து நின்றான். அதில் ஓடிக் கொண்டிருந்த இயங்குதளத்துக்கு, வழக்கமாக அனுப்பி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை அதன் நிறுவனத்தார் அன்றோடு நிறுத்திக் கொள்கிறார்களாம். சரி, அடுத்த பதிப்புக்கு மாறிக் கொள்ளலாமே என்றால், என் பெட்டிக்கு அந்த யோக்கியதை இல்லையாம். அதன் மூளை பழைய ரகமாம். நியாயமாகப் பேசினால், பத்து வருஷம் அதைப் பராமரித்தவர்கள் அவர்கள். ஆனாலும், நேற்று வரை ஒழுங்காக உழைத்த ஒன்றை இன்று காலை செத்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது மனம் ஒப்ப மறுக்கிறது.

இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்கும் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. நாடகத்தில் நம் கண்ணுக்குத் தெரிபவர்கள் நடிகர்கள். திரையை இழுப்பவன், விளக்கைப் போடுபவன், அடுத்தவரை மேடைக்குத் தள்ளிவிடுபவன் எல்லாரும் படுதாவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கணிப்பொறியில் அந்தப் பின்னாள் வேலை முழுவதையும் பார்ப்பதுதான் இயங்குதளம். அவன் சரியாக இருக்கும்வரை அவன் இருப்பதே நமக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் என் முதல் நாவலுக்கு மறுபதிப்புப் போடலாம் என்று ஒரு பதிப்பாளர் எழுதினார். 2006-ல் வந்த நாவல். அப்போது வெளியிட்டவரிடம் அச்சுக் கோப்பு இல்லை. ‘உங்களிடம் தட்டச்சு செய்த கோப்பு இருந்தால் அனுப்புங்கள்’ என்றார். இருந்தது. அந்தக் கிழட்டு லாப்டாப்பில்தான் இருந்தது.

தீபாவளிக்கு அக்காள் மகன் வந்தான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. என் அக்கா 2017-ல் காலமானாள். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. அதன் பிறகு பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில்தான் கழிந்தது. வந்தவன் பட்சணத் தட்டோடு உட்கார்ந்து என் புலம்பலைக் கேட்டான்.

“தூக்கிப் போட வேண்டாம் மாமா. டெபியன் போட்டுத் தரேன். பதிமூணாவது பதிப்பு வந்திருக்கு” என்றான்.

“எவ்வளவு ஆகும்?”

“ஒரு பைசா ஆகாது.”

ஒரு பைசா ஆகாத எதையும் சந்தேகத்தோடு பார்க்கும்படி வளர்க்கப்பட்டவன் நான். முதலில் பரீட்சை பார்க்க வேண்டும் என்றேன். அதற்கும் வழி இருந்தது. ஒரு பென்டிரைவில் டெபியனை ஏற்றி, அதை லாப்டாப்பில் செருகி, உள்ளே இருக்கும் எதையும் தொடாமலே ஓட்டிக் காட்டினான். பெண் பார்க்கிற மாதிரி. பஜ்ஜி சொஜ்ஜியோடு திரும்பி வந்துவிடலாம். திரை வந்தது, ஒலி வந்தது, வைஃபையும் வந்தது.

“இந்த வைஃபை வர்றதுக்கே ஒரு எலெக்‌ஷன் நடந்திருக்கு மாமா” என்றான்.

வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மைதான். வைஃபை போன்ற சில பாகங்களுக்கு, அவற்றைச் செய்த கம்பெனிகள் உள்விவரம் காட்டாமல் மூடித் தரும் சிறு நிரல்கள் தேவைப்படுகின்றன. எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்பது டெபியன்காரர்களின் கொள்கை. கொள்கையைக் காப்பதா, வாங்கியவனின் வைஃபை வேலை செய்ய விடுவதா? 2022-ல் அவர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, நிறுவும் வட்டிலேயே அவற்றையும் சேர்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். மடியும் ஆசாரமும் பார்க்கிற குடும்பத்தில் வெளியூர் மாப்பிள்ளைக்காக ஒரு காப்பி டம்ளரைத் தனியாக அனுமதித்தது போலத்தான்.

டெபியனின் பூர்வோத்தரத்தையும் அன்று கேட்டுத் தெரிந்து கொண்டேன். 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர், பொழுதுபோக்காக ஆரம்பித்த ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுத்தார். அது லினக்ஸ் என்ற கரு. கருவை மட்டும் வைத்துக் கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது. சுற்றிலும் ஆயிரம் சாமான் வேண்டும். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் கட்டிக் கொடுக்க வேண்டும். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஐயன் மர்டாக் என்ற மாணவர் அந்த வேலையைத் தொடங்கினார். தம் காதலி டெப்ரா, தம் பெயர் ஐயன், இரண்டையும் ஒட்டி டெபியன் என்று பெயர் வைத்தார். 2015 டிசம்பரில், நாற்பத்திரண்டு வயதில் அவர் இறந்து போனார். அவர் ஆரம்பித்தது நிற்கவில்லை. அதற்கு முதலாளி இல்லை. பல தேசங்களில் உள்ள தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள்.

ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்தில் வரும் பொம்மைகளின் பெயரை வைக்கும் வழக்கம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 9-ம் தேதி வெளிவந்த இந்த 13-ம் பதிப்பின் பெயர் டிரிக்ஸி. மூன்றாவது படத்தில் வரும் நீல நிறக் கொம்பு டைனோசர். எப்போதும் மாறிக் கொண்டே, எந்த நேரமும் உடையக் கூடியதாக இருக்கும் நிலையற்ற பதிப்புக்கு மட்டும் நிரந்தரமாக ஸிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். பெயர் வைப்பதில் இவ்வளவு சிரத்தை உள்ளவர்கள் வேலையையும் சிரத்தையாகத்தான் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. கதாசிரியனின் புத்தி அப்படி.

இந்தப் பதிப்பில் 69,830 பொட்டலங்கள் இருக்கின்றன. கடிதம் எழுத, கணக்குப் போட, படம் வரைய, வான சாஸ்திரம் பார்க்க என்று எல்லாவற்றுக்கும். மூன்று வருஷம் முழுப் பராமரிப்பு, அதற்கு மேல் இரண்டு வருஷம் நீண்டகாலப் பராமரிப்பு. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மிகப் பழைய 32 பிட் கணிப்பொறிகளில் இந்தப் பதிப்பை நிறுவ இனி வழியில்லை.

“அப்படியானால் இவர்களும்தானே கிழடுகளைக் கைவிடுகிறார்கள்?” என்று மடக்கினேன்.

“ஆமா மாமா. செய்ய ஆள் இல்லேன்னா விட்டுத்தான் ஆகணும். ஆனா எதையும் பூட்டி வைக்கலை. வேணும்கிறவங்க எடுத்துச் செய்யலாம். யாரும் தடுக்கமாட்டாங்க” என்றான்.

என் கோப்புகளையெல்லாம் ஒரு வெளி வட்டில் நகல் எடுத்தான். இரண்டு தடவை சரிபார்த்தான். பிறகு, “அழிக்கட்டுமா?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு ‘ம்’ சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிறுவும்போது மொழிகளின் பட்டியலில் தமிழ் இருந்தது. அதையே தேர்ந்தோம். கேள்விகள் தமிழில் வந்தன. கணிப்பொறிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. “கிழவி என்று வை” என்றேன். சிரித்துக் கொண்டே ஆங்கில எழுத்தில் அடித்தான். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்து, கிழவி கண் விழித்தாள். நான் காப்பி கலக்கிக் கொண்டு வருவதற்குள் அவள் தயாராகிவிட்டாள்.

திரையைப் பார்த்ததும் திக்கென்றது. ஒன்றுமே இல்லை. மேலே ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை. அதன் நடுவில் தேதியும் மணியும். அவ்வளவுதான். பழைய திரையில் நான் இறைத்து வைத்திருந்த அடையாளப் படங்களைத் தேடிக் கண் அலைந்தது. வெள்ளையடித்த வீட்டில் சாமான்களை உள்ளே கொண்டு வருவதற்கு முன்னால் நிற்கும்போது குரல் எதிரொலிக்குமே, அந்த மாதிரி இருந்தது. ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் வரும் என்று காட்டினான். வந்தது. இருந்தாலும் இரண்டு நாள் வரைக்கும் அந்த வெறுமை எனக்குப் பழகவில்லை. மூன்றாம் நாள் பிடித்துப் போயிற்று. எழுத உட்காருகிறவனுக்கு எதிரே ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட வேறென்ன சௌகரியம் வேண்டும்?

தமிழ் அடிப்பதில் ஒரு சங்கடம் வந்தது. அது என் அவசரத்தால் வந்தது. 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில்தான் என் விரல்கள் ஓடும். அதில் ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். நான் பட்டியலில் கண்ணுக்குப் பட்ட முதல் தமிழைச் சொடுக்கிவிட்டேன். ‘பக்கம்’ என்று அடிக்கப் போனால் புள்ளியே விழாமல் எழுத்துக்கள் வரிசையாக முறைத்தன. புள்ளி இல்லாத தமிழைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் ஒரு பொட்டலத்தைக் கூடுதலாக நிறுவி, சரியான தமிழ்99-ஐத் தேடி எடுத்துக் கொடுத்தான். புள்ளிகள் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

பிறகு நிதானமாக ஒவ்வொரு பட்டியலையும் திறந்து படிக்க ஆரம்பித்தேன். எனக்கு இந்த இயங்குதளத்தில் மிகவும் பிடித்த காரியம் இதுதான். ‘கோப்பு’, ‘கருவிகள்’, ‘உதவி’, ‘சாளரம்’! சரித்திர நாவல்களில் இளவரசிகள் நின்று நிலவைப் பார்க்கும் சாளரத்தைக் கொண்டு வந்து கணிப்பொறிக்குள் வைத்தவர் யார்? அவர் முன்னால் ‘ஜன்னல்’, ‘பலகணி’ எல்லாம் வரிசையாக நின்றிருக்கும். ஒன்றை எடுத்து மற்றதைத் தள்ளியிருக்கிறார். நானும் தினம் அதே வேலையைத்தான் செய்கிறேன். எனக்குச் சன்மானம் உண்டு, அல்லது உண்டு என்று சொல்கிறார்கள். அவருக்கு அதுவும் கிடையாது.

சில இடங்களில் தமிழ் பாதியில் நின்று, அடுத்த வரி ஆங்கிலமாக இருந்தது. “இது ஏன் இப்படி?” என்று கேட்டேன்.

“மொழிபெயர்க்கிறவங்க எல்லாம் வேலை முடிஞ்சு வந்து ராத்திரியில செய்யறவங்க மாமா. முடிஞ்ச வரைக்கும் செஞ்சிருப்பாங்க.”

ஆக, யாரோ ஒருவர் இந்த வரிவரைக்கும் வந்து, இங்கே எழுந்து போயிருக்கிறார். அடுப்பில் பால் பொங்கியதோ, விளக்கு அணைந்ததோ, உத்தியோகம் மாறிற்றோ. குறை சொல்ல வாயெடுத்தவன் பேசாமல் இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் இரவு நாவல் கோப்பைத் திறந்தோம். திரை நிறைய ஏதோ பூச்சி ஊர்ந்தது. ஆங்கில எழுத்துக்கள், தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள். ஒரு வார்த்தை தமிழ் இல்லை. எனக்குக் கை கால் விட்டுப் போயிற்று.

“பயப்படாதீங்க மாமா. இது பழைய பான்ட்டுல அடிச்சது” என்றான்.

இப்போது உலகமெங்கும் தமிழுக்கு யூனிகோடு என்ற ஒரே குறியீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசும் அதை 2010-ல் தரமாக ஏற்றது. 2006-ல் டி.டி.பி. கடைகளில் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேஷம் கட்டி எழுத்துருச் செய்தது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு என்ற வேஷம் கூட இருக்கும்வரை அது ராஜபார்ட். வேஷத்தைக் கழற்றிவிட்டால் பரிதாபமாக நிற்கும். அந்த வேஷம் பழைய இயங்குதளத்தோடு சேர்ந்து அழிந்திருந்தது. நாங்கள் நகல் எடுத்தது கோப்புகளை மட்டும்தான்.

அவன் அந்தக் கோப்பு இருந்த உறையை இன்னொரு முறை துழாவினான். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அம்மா பான்ட்டையும் கூடவே வெச்சிருக்காங்க மாமா.”

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. கடையில் அவள் வேலை பார்த்தாள். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழும் அடிப்பாள். மாலை ஆறு மணிக்கு மேல், கடைக்காரர் அனுமதியோடு, என் நாவலை அடித்தாள். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட தம்பி நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கிக் கொடுத்ததை, நாலு மாதம் உட்கார்ந்து அடித்தாள். கூலி கிடையாது. அச்சகத்துக்குக் கோப்புக் கொடுத்தால் எழுத்துருவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் ஒரு பழக்கம். தம்பிக்குக் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தபோதும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அந்த உறையை 2016-ல் அப்படியே லாப்டாப்பில் போட்டு வைத்தேன். ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

எழுத்துருவை இரண்டு முறை தட்டி நிறுவி, கோப்பை மூடித் திறந்தான். பூச்சிகள் எல்லாம் தமிழாயின.

நடுநடுவே மூன்று நட்சத்திரக் குறி போட்டு, நான் எழுதாத வரிகள் இருந்தன. ‘தம்பி, நாலாம் அத்தியாயத்தில் மாமியார் மூக்குத்தி போட்டிருக்கிறாள். இங்கே மூளி மூக்கு என்கிறாய். எது சரி?’ இன்னோரிடத்தில்: ‘மூன்று பக்கம் அழுகிறாள். இவள் இவ்வளவு அழுதால் படிக்கிறவர்கள் அழமாட்டார்கள். ஒரு வரி போதும்.’

அந்த ஒரு வரியைத்தான் அன்று விமரிசனம் எழுதியவர்கள் பாராட்டினார்கள். இளம் எழுத்தாளரிடம் இத்தனை அடக்கமா என்று வியந்தார்கள். பத்தொன்பது வருஷமாக அது என் அடக்கம் என்றே நானும் நம்பிக் கொண்டிருந்தேன். அவள் எடுத்துக் கொடுத்த பிரதியில் இந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் திருத்தியிருக்க வேண்டும். பிரதியைக் கிழித்துப் போட்டேன். சொன்னது யார் என்பதும் அதோடு போயிற்று.

பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. கீழே: ‘மணி ஒன்பது. பையனுக்குக் காய்ச்சல். மீதி நாளைக்கு.’

பையன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த வரியை அவன் இரண்டு மூன்று தடவை படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசிக் கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுகிறவனைப் போல் வேறொன்றைக் காட்டினான். டெபியனில் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சிறு கோப்புக் கட்டாயம் இருக்க வேண்டுமாம். அந்த நிரலின் உரிமை யாருடையது, என்ன நிபந்தனையில் கொடுத்திருக்கிறார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் பொட்டலத்தைச் சேர்த்துக் கொள்ளமாட்டார்கள். ஒன்றைத் திறந்தான். பெயர்கள், பெயர்கள், பெயர்கள். எந்தெந்த ஊர்க்காரர்களோ! பக்கம் ஓடிக் கொண்டே இருந்தது. யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

“யாரும் படிக்கமாட்டாங்க மாமா. ஆனா இருக்கணும்” என்றான்.

அலமாரியிலிருந்து என் நாவலை எடுத்து முன்னுரையைப் பார்த்தேன். பதினொரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பதிப்பாளர், அட்டை ஓவியர், கடன் சொல்லித் தேநீர் குடித்த கடையின் சொந்தக்காரர் உட்பட. அக்காவின் பெயர் இல்லை. வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்வதாவது என்று நினைத்திருப்பேன். நம் வீடுகளில் அப்படித்தான் நினைக்கிறோம். அதை ஒரு பெருந்தன்மை என்றுகூட எண்ணிக் கொள்கிறோம். கடைசிவரை அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்கு வேண்டாம் என்று அர்த்தமா என்பது, இப்போது கேட்டுத் தெரிந்து கொள்ள முடியாத கேள்வி.

டெபியனைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிட வேண்டும். எழுதுவதற்கும், படிப்பதற்கும், கடிதம் போடுவதற்கும் இது தாராளமாகப் போதும். அச்சுக்கூடத்துக்காரர்களின் பேஜ்மேக்கரும் இன்டிசைனும் இதில் நேராக ஓடா. அந்தத் தொழில் செய்பவர்கள் யோசித்துத்தான் மாற வேண்டும். மாறுவதற்கு முன் பென்டிரைவில் போட்டுப் பாருங்கள். நகல் எடுக்கும்போது பழைய எழுத்துருக்களை மறந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் என் அக்காவைப் போல் ஒருத்தி இருக்கமாட்டாள்.

மறுபதிப்புக்கு கோப்பு போய்விட்டது. நட்சத்திரக் குறிப்புகள் உள்ள மூலத்தை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று அவனிடம் இருக்கிறது. நாவலின் முதல் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, ‘தட்டச்சும் திருத்தமும்’ என்று போட்டு அவள் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். “முன்னுரையில் ஒரு வரி நன்றி சொன்னால் போதாதா?” என்று பதிப்பாளர் கேட்டார்.

போதாது என்று பதில் எழுதினேன்.